காணாத பறவைக்கும் நாம் கடமைப்பட்டவர்களா?



கொடைக்கானலுக்குப் போய் வந்தவர்கள் நம் திருவேற்காட்டில் அநேகர். ஏரியில் படகு விட்டோம், தூண்பாறை பார்த்தோம் என்பார்கள். சோலைக்கிளியைக் கண்டோமென்று சொன்னவர் ஒருவருமில்லை. பெயரைக் கேட்டுப் பச்சைக்கிளியென்று எண்ண வேண்டாம். சிட்டுக்குருவி அளவுதான், மங்கிய கருநீலம், வெளுத்த வயிறு. சோலைக்காட்டின் ஈரமான அடிப்புதர்களில் சருகுகளின்மேல் தத்திப் பூச்சி பொறுக்கும். விடியுமுன்னும் அந்தி மங்கும்போதும் பாடும். பாட்டு வந்த திசையைப் பார்த்தால் இலைதான் அசையும்.

பழநிமலையின் இப்பறவையை 1868-ல் பிளான்போர்டு என்ற ஆங்கிலேயர் சாஸ்திர முறைப்படி வர்ணித்தார். நீலகிரியிலுள்ளது வேறு இனம். பாலக்காட்டுக் கணவாய் இரண்டையும் பிரித்து நிற்கிறது. எந்த வகுப்பில் சேர்ப்பதென்று பண்டிதர்கள் நெடுநாள் தடுமாறினார்கள். மரபணு ஆராய்ச்சியின் பேரில் 2017-ல் ‘சோலிகோலா’ என்று தனிப் பேரினமே ஏற்பட்டது. நமது ‘சோலை’ லத்தீன் வாலோடு அதில் இருக்கிறது. குருமடத்தில் லத்தீனோடு மல்லுக்கட்டியவனுக்கு இது ஒரு சந்தோஷம்!

அந்தச் சோலைகளில் ஒரு பகுதியை வெட்டித் தேயிலையும் யூக்கலிப்டஸும் வைத்தார்கள். பலருக்குப் பிழைப்புக் கிடைத்தது. அதைக் குறைகூறத் துணியேன். “கண்ணில் படாத குருவி இருந்தாலென்ன, போனாலென்ன?” என்பார் ஒருவர். சோலை மழைநீரைத் தாங்கி ஓடைகளுக்கு விடுகிறது, ஆகையால் காப்பது நமக்கே லாபம் என்பது வழக்கமான பதில். மெய்தான். ஆனால் இது ஓடைக்காகப் பேசுகிறதேயன்றிப் பறவைக்காகப் பேசவில்லை. நீருக்கு வேறு வழி கண்டுபிடித்த அன்றே பறவையின் வழக்கு தள்ளுபடியாகும்.

அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் 13-ம் நூற்றாண்டில் வேறுவிதமாக நியாயம் சொன்னார். இருப்பதெல்லாம், இருக்கிற மட்டில், நல்லது. சர்வேசுரனுடைய நன்மைத்தனத்தை ஒரே சிருஷ்டி காட்ட இயலாதாகையால் பலவகைச் சிருஷ்டிகள் உண்டாயின. அப்படியானால் அந்தப் பறவையின் நன்மை நம் கண்ணை நம்பி இருக்கவில்லை. “மிருகங்கள் மனிதனுடைய உபயோகத்துக்கென்றும் அவரே சொன்னாரே” என்று நீர் மடக்கலாம். சொன்னார். உபயோகிப்பது வேறு, பூண்டோடு ஒழிப்பது வேறு. பசித்தவன் விறகு வெட்டினால் தடுக்க எனக்கு வாயில்லை. உல்லாச விடுதிக்கு இன்னொரு முற்றம் வேண்டுமென்று வெட்டுகிறவரை, ஏன் ஐயா என்று கேட்கலாமல்லவா?

வருகிற கோடையில் மலைக்குப் போகிறவர்கள் அதைத் தேடிப் புதருக்குள் இறங்க வேண்டாம். கைபேசியில் அதன் பாட்டை ஒலிக்கவிட்டு அழைக்கவும் வேண்டாம்; எதிரி வந்ததென்று அது கலங்கும். விடியலில் பாதையோரம் சற்று மௌனமாய் நில்லுங்கள்.