இரண்டு இரவு அண்டை வீட்டார்

திருச்சியில் எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஐந்தடி உயரத்தில் ஒரு மதில் சுவர் இருக்கிறது. சுவருக்கு அப்பால் குடியிருப்பவரும் நானும் 22 ஆண்டுகளாக அண்டை வீட்டுக்காரர்கள். முதல் 14 ஆண்டுகள் தீபாவளிப் பலகாரமும் பொங்கல் கரும்பும் அந்தச் சுவரைத் தாண்டிப் போயின, வந்தன. பிறகு அவர் மாடி கட்டினார். மாடியின் மழைநீர் எங்கள் பக்கம் விழுந்தது. சொன்னேன், அவர் கேட்கவில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். அவரும் ஒன்று அனுப்பினார். அதன்பின் எட்டு ஆண்டுகள் எங்களுக்குள் பேச்சு இல்லை.

இந்தக் கதையை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். சொல்லப்போவது வேறொரு அண்டை வீட்டைப் பற்றி. அந்த உறவு இரண்டே இரவுகள்தான் நீடித்தது. ஆனால் யோசித்துப் பார்க்கும்போது, 22 ஆண்டுகளில் நான் கற்காத ஒன்றை அந்த இரண்டு இரவுகளில் கற்றேன் என்று தோன்றுகிறது. கற்றேன் என்பதைவிட, சூடுபட்டேன் என்பதே பொருத்தம்.

என் மகள் அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறாள். ஒரு ஜூன் மாதத்தில் அவளும் மாப்பிள்ளையும் என்னை யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். ஏறக்குறைய 500 கிலோமீட்டர் பயணம். பூங்காவுக்குள் தங்குமிடம் கிடைப்பது எளிதல்ல. பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துவிடுகிறார்கள். அதனால் மாப்பிள்ளை ஓர் 'ஆர்.வி.' வாடகைக்கு எடுத்தார். பஸ்ஸுக்குள் ஒரு வீடு என்று நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு, குளிர்பெட்டி, கட்டில், குளியலறை எல்லாம் அதற்குள் அடக்கம். பூங்காவின் மேற்கு வாயிலில், மொன்டானா மாநிலத்தில், வெஸ்ட் யெல்லோஸ்டோன் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே இத்தகைய வண்டிகளை நிறுத்துவதற்கென்றே உள்ள ஒரு ஆர்.வி. பார்க்கில் எங்களுக்கு இடம் கிடைத்தது.

நம் பக்கத்துச் சத்திரத்தை நினைத்துக்கொண்டு போனவனுக்கு அந்த இடம் வேடிக்கையாக இருந்தது. சத்திரத்தில் வழிப்போக்கனிடம் ஒன்றும் இராது. கூரை முதல் சோறு வரை சத்திரம் தரும். இங்கேயோ விருந்தாளி தன் வீட்டையே கூட்டிக்கொண்டு வருகிறான். தருவதற்கு இடத்துக்காரரிடம் என்ன இருக்கிறது? சரளைக்கல் பரப்பிய ஒரு பாத்தி. அதில் மின்சாரத்துக்கு ஒரு கம்பம், தண்ணீருக்கு ஒரு குழாய், கழிவுநீருக்கு ஒரு துவாரம். மரமேஜை ஒன்று, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம். பணத்தைக் கட்டினால் இவ்வளவும் உண்டு. ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் இடைவெளி பதினைந்தடி இருந்தால் அதிகம். பக்கத்து வண்டியில் காப்பி கலக்கும் கரண்டிச் சத்தம் நம் காதில் விழும். இத்தனை நெருக்கத்திலும் நடுவே ஒரு சுவர் கிடையாது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளைக்கு இதெல்லாம் பழக்கமில்லை. வண்டி ஒரு பக்கம் சரிந்து நின்றது. மேஜைமேல் வைத்த எலுமிச்சம்பழம் உருண்டு ஓடியது. அவர் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வண்டியிலிருந்து ஒரு கிழவர் இறங்கி வந்தார். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். பெயர் கேட்கவில்லை; ஊர் கேட்கவில்லை. இரண்டு மரக்கட்டைகளைச் சக்கரத்தின் முன் போட்டு, "இதன்மேல் ஏற்றி நிறுத்துங்கள்" என்றார். வண்டி சமனாயிற்று. பிறகு கழிவுக் குழாயைக் காட்டி, "கழிப்பறைத் தொட்டியை முதலில் திறந்து விடுங்கள். குளித்த நீர், பாத்திரம் கழுவிய நீர் உள்ள தொட்டியைப் பிறகு திறங்கள். பின்னால் வரும் நீர் குழாயைக் கழுவிக்கொண்டு போய்விடும்" என்று விளக்கினார். அரைமணி நேரம் குனிந்து நின்று உதவினார். நன்றி சொன்னதற்கு, "எனக்கு முதல் நாளில் யாரோ ஒருவர் சொல்லித் தந்தார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவு அவருடைய நெருப்பருகே உட்கார்ந்து பேசினோம். அவரும் மனைவியும் வீட்டை விற்றுவிட்டு, நான்கு ஆண்டுகளாக அந்த வண்டியிலேயே வாழ்கிறார்களாம். "நிலையான அண்டை அயல் இல்லாமல் இருப்பது கஷ்டமாக இல்லையா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "முப்பது வருஷம் ஒரே மனிதருக்குப் பக்கத்தில் குடியிருந்தேன். அவருடைய கார் என்ன நிறம் என்பது எனக்குத் தெரியும்" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. என் அடுத்த வீட்டுக்காரரின் கார் என்ன நிறம் என்பது எனக்கும் தெரியும்.

மறுநாள் முழுவதும் பூங்காவைப் பார்த்தோம். 1872-இல் நிறுவப்பட்டு, உலகின் முதல் தேசியப் பூங்கா என்று போற்றப்படுவது அது. பரப்பு ஏறக்குறைய 9,000 சதுர கிலோமீட்டர். 'ஓல்டு ஃபெய்த்ஃபுல்' என்ற வெந்நீர் ஊற்று ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு ஒருமுறை பீறிட்டு எழுகிறது. எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்தவர்கள் பெஞ்சிகளில் வளைந்து உட்கார்ந்து, கோவிலில் திரை விலகக் காத்திருப்பவர்களைப் போலக் காத்திருந்தார்கள். சாலையில் காட்டெருமைகள் நடந்தன. கார்கள் பொறுமையாக நின்றன. கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கஜம் விலகி நிற்க வேண்டும், காட்டெருமை போன்ற பிற விலங்குகளுக்கு 25 கஜம் விலகி நிற்க வேண்டும் என்பது அங்கே விதி. விலங்குகளிடமிருந்து எவ்வளவு விலகுவது என்பதற்கு அளவு இருக்கிறது. மனிதரை எவ்வளவு நெருங்குவது என்பதற்கு யாரும் அளவு எழுதிவைக்கவில்லை. அதை அவரவரேதான் அளந்துகொள்ள வேண்டும். அன்று இரவே எனக்கு அந்தச் சோதனை வந்தது.

இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பது அந்த இடத்தின் ஒழுங்கு. மகளும் மாப்பிள்ளையும் பின்பக்கக் கட்டிலில் தூங்கிவிட்டார்கள். கடல் மட்டத்துக்கு 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். ஜூன் மாதத்திலும் குளிர் எலும்பைத் தொட்டது. நான் போர்வையைச் சுற்றிக்கொண்டு, முன்பக்கச் சிறுவிளக்கின் கீழ் படித்துக்கொண்டிருந்தேன். மணி பதினொன்று இருக்கும். கதவு தட்டப்பட்டது.

மூன்று தட்டு. சற்றுப் பொறுத்து மீண்டும் மூன்று.

நான் அசையவில்லை. அந்நிய தேசம், நடு இரவு, அந்த நாட்டுத் துப்பாக்கிகளைப் பற்றிப் பத்திரிகையில் படித்ததெல்லாம் ஒன்றாக எழுந்து நெஞ்சில் நின்றது. புத்தகத்தை மூடினேன். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். வெளியே ஒரு பெண் குரல் ஏதோ சொல்லிற்று. திரையை ஒரு விரல் அளவு விலக்கிப் பார்த்தேன். கிழவரின் மனைவி, இரவு உடையோடு, காலில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

இந்த இடத்தில் நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நான் நாவல் எழுதுகிறவன். கதையில் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் நடந்தது அதுவல்ல. ஆளைத் தெரிந்துகொண்ட பிறகும், 'மாப்பிள்ளை எழுந்திருக்கட்டும். அவர்தானே பேச வேண்டும்' என்று காத்தேன். அரை நிமிடம் இருக்குமோ, ஒரு நிமிடமோ! அதற்குள் அந்த அம்மாள் திரும்பி, எதிர்ப்புறத்து வண்டிக்கு ஓடினார். அந்தக் கதவு உடனே திறந்தது. அடுத்த கதவு தானாகவே திறந்தது. கைவிளக்குகள் ஓடின. நான் மாப்பிள்ளையை எழுப்பிக்கொண்டு இறங்குவதற்குள் அங்கே ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

கிழவர் மார்வலியால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்துவிட்டார். அம்மாள் 911-க்குப் போன் செய்துவிட்டு, ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவரை நிமிர்த்தி உட்கார வைக்க ஒரு கை தேடி ஓடிவந்திருக்கிறார். எதிர் வண்டி இளைஞன்தான் அவரைத் தூக்கினான். யாரோ ஒருவர் வாயிலில் நின்று ஆம்புலன்ஸுக்கு வழிகாட்டினார். இன்னொருவர் அவர்களுடைய நாயை அழைத்துப் போய்த் தம் வண்டியில் வைத்துக்கொண்டார். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. பாதிப் பேர் மறுநாள் காலையில் வேறு திசைக்குப் போகிறவர்கள்.

காலையில், மாற்றுடை எடுக்க அந்த அம்மாள் வந்தார். ஆபத்து நீங்கிவிட்டது என்றார். எனக்கு அப்போதும் நிம்மதி வரவில்லை. "அம்மா, நீங்கள் என் கதவைத் தட்டியது எனக்குக் கேட்டது. நான் திறக்கவில்லை" என்றேன்.

அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. "உங்கள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அதனால்தான் முதலில் அங்கே வந்தேன்" என்றார். ஏதோ வழி சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். என் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார்.

அன்று ஊர் திரும்பும் முன் மகள், "அப்பா, ஓர் ஏரியைப் பார்த்துவிட்டுப் போகலாம்" என்று வடமேற்கே 40 கிலோமீட்டருக்குமேல் சுற்றி அழைத்துப் போனாள். அதன் பெயரே பூகம்ப ஏரி. 1959 ஆகஸ்டு 17 இரவு 11.37 மணிக்கு அங்கே 7.3 அளவுள்ள நிலநடுக்கம் உண்டாயிற்று. மாடிசன் பள்ளத்தாக்கில் மலையின் ஒரு பக்கமே பெயர்ந்து, ஒரு நிமிடத்துக்குள் சுமார் 8 கோடி டன் பாறையும் மண்ணும் ஆற்றுக்குள் சரிந்தன. ஆற்றங்கரையில் கூடாரம் அடித்தும் வண்டிகளை நிறுத்தியும் எங்களைப் போலவே சுற்றுலாப் பயணிகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நிலநடுக்கத்தில் 28 பேர் மாண்டார்கள். பலருடைய உடல்கள் இன்றும் அந்தச் சரிவுக்கு அடியிலேயே இருக்கின்றன. ஆறு அடைபட்டு ஏரியாயிற்று. நீரில் பட்டுப்போன மரங்கள் இன்னும் நிற்கின்றன.

ஒரு பக்கம் மலைச்சரிவு. மறுபக்கம் உடையுமோ என்று அஞ்சத்தக்க அணை. நடுவே சுமார் 250 பேர் சிக்கிக்கொண்டார்கள். மேட்டுநிலம் ஒன்றில் கூடி, விடியும்வரை ஒருவரையொருவர் காத்தார்கள். பயணியாக வந்திருந்த நர்ஸ் ஒருவர், கையில் கிடைத்ததைக் கொண்டு இரவெல்லாம் காயங்களுக்குக் கட்டுப் போட்டார். மறுநாள்தான் ஹெலிகாப்டர்கள் வந்தன. அந்த மேட்டுக்கு இன்று 'புகலிட முனை' என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. அந்த 250 பேரும் அன்று மாலைவரை ஒருவருக்கொருவர் யாரோ எவரோதான்.

'ஒரு நாள் அண்டை வீட்டானிடம் நல்லவனாக இருப்பது சுலபம். அவனோடு கணக்கு வழக்கு இல்லை, வாய்க்கால் தகராறு இல்லை' என்று முதல் நாள் இரவு எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். என் எட்டாண்டு மௌனத்துக்கு அது நல்ல சமாதானமாக இருந்தது. மறுநாள் இரவு அந்தச் சமாதானம் தகர்ந்தது. என் கதவைத் தட்டியவரோடு எனக்கு எந்த வழக்கும் இல்லை; மாறாக, அவர் கணவரிடம் அரைமணி நேர உழைப்பைக் கடனாகப் பெற்றிருந்தேன். ஆனாலும் நான் திறக்கவில்லை. ஆகவே குற்றம் மழைநீரில் மட்டும் இல்லை.

நடு இரவில் கதவைத் திறக்காதது முன்ஜாக்கிரதைதானே என்று வாசகர்கள் கேட்கலாம். என் மகளும் அப்படித்தான் என்னைத் தேற்றினாள். பயப்படுவது குற்றமல்ல என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். திறப்பதற்குத் துணிச்சல் வேண்டும். அது எல்லாருக்கும் எப்போதும் வாய்ப்பதில்லை. ஆனால் திறப்பதற்கும் மூச்சை அடக்கிக்கொள்வதற்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று இருந்தது. பூட்டிய கதவுக்கு உள்ளே இருந்தபடியே, "யார் அது? என்ன வேண்டும்?" என்று கேட்டிருக்கலாம். அதற்குத் துணிச்சல் வேண்டியதில்லை, குரல் போதும். அண்டை வீட்டான் நமக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமை கதவைத் திறப்பதல்ல, பதில் சொல்வது. அதைக்கூட நான் செய்யவில்லை. வீட்டில் ஆள் இல்லாததுபோல, விளக்கை எரியவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பழந்தமிழில் 'விருந்து' என்ற சொல்லுக்குப் புதுமை என்று பொருள். முன்பின் தெரியாமல் புதிதாக வருகிறவனே விருந்து. என் பாட்டனார் வீட்டில் அவனுக்காகத் திண்ணை இருந்தது. என் வீட்டில் இரும்புக் கேட்டும், 'நாய் ஜாக்கிரதை' என்ற பலகையும் இருக்கின்றன, நாய் இல்லை. அந்த ஆர்.வி. பார்க்கில் திண்ணையும் இல்லை, தர்மசத்திரமும் இல்லை, எல்லாம் காசு. ஆனால் யாரும் யாரையும் பழைய ஆளாகப் பார்க்கவில்லை. அங்கே எல்லாருமே விருந்து. பழகப் பழக மனிதர்களைப் பழசாக்கிவிடுகிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. 22 ஆண்டுகளில் அடுத்த வீட்டுக்காரர் எனக்கு ஒரு மழைநீர்க் குழாயாகச் சுருங்கிவிட்டார்.

ஊர் திரும்பி மூன்றாம் நாள் மாலை, மதில் ஓரம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அப்பாலிருந்து, யாரிடமோ கேட்பதுபோல ஒரு குரல் வந்தது: "ஊரிலிருந்து எப்போ வந்தீங்க?"

எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் தட்டிய தட்டு அது. எனக்கு உடனே பேச்சு வரவில்லை. ஆனால் இந்தமுறை மூச்சை அடக்கிக்கொள்ளவில்லை.

"புதன்கிழமை வந்தேன் சார், நீங்க சௌக்கியமா?" என்றேன்.

மழைநீர் இன்னும் எங்கள் பக்கம்தான் விழுகிறது. அதைப் பற்றிப் பேச வேண்டும், பேசுவோம்.