ராக்கெட் கம்பெனிப் பங்குகள் வாங்கலாமா?



2024 பெப்ருவரியில் குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் தளத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். அது முதல் ஆகாயத் தொழில் செய்யும் கம்பெனிகளின் பங்குகளைப் பற்றிய பேச்சு பண்ணைக்காட்டுக்கும் ஏறி வந்துவிட்டது. (பங்கு என்றால் இதுகாறும் நமக்குக் கோவில் பங்குதான்!) "சாமி, அது சூதாட்டமா, பாவமா?" என்கிறார்கள் சிலர். வேறு சிலரோ அதைத் தேசத் தொண்டு என்றே எண்ணுகிறார்கள்.

தேசத் தொண்டை முதலில் பார்ப்போம். திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் மீனவக் கத்தோலிக்கர்கள் தங்கள் அர்ச். மரிய மதலேனம்மாள் கோவிலையும் குடியிருப்பையும் ராக்கெட் தளத்துக்காக விட்டுக்கொடுத்தார்கள். 1963 நவம்பர் 21ந் தேதி முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பிற்று. அது கொடை. சந்தையில் பங்கு வாங்குவது அப்படியன்று. இஸ்ரோ அரசாங்க ஸ்தாபனம். அதற்குப் பங்கே கிடையாது. தனியார் கம்பெனி புதுப் பங்கு வெளியிடும்போது கட்டுகிற பணந்தான் கம்பெனிக்குச் சேரும். அப்புறம் வாங்கினால், விற்றவன் பைக்குப் போகும்.

சூதாட்டமா என்றால், பொதுவாக அப்படிச் சொல்லத் துணியேன். பங்கு என்பது கூட்டு வியாபாரம். லாப நஷ்டம் இரண்டையும் ஏற்பது நியாயமே. காப்பிக் கன்று நட்டவன் மூன்று நான்கு வருஷம் பலனுக்குக் காத்திருக்கிறான். அவனைச் சூதாடி என்பார் உண்டோ? ஆனால் அவன் செடியை அறிவான். கம்பெனி என்ன செய்கிறதென்று கேளாமல் காலையில் வாங்கி மாலையில் விற்பவன் சூதாட்டத்துக்கு வெகு சமீபம்.

அறிந்து வாங்கினாலும் ஆபத்து உண்டு. அமெரிக்காவின் இரிடியம் கம்பெனி சுமார் 500 கோடி டாலர் செலவிட்டு, 66 செயற்கைக் கோள்களால் உலகெங்கும் டெலிபோன் பேச வழி செய்தது. 1998 நவம்பரில் துவங்கி, 1999 ஆகஸ்டில் திவாலாயிற்று. கோள்கள் நன்றாகவே ஓடின, வாடிக்கைக்காரர்தான் போதவில்லை. மறு வருஷம் வேறொருவர் அனைத்தையும் சுமார் இரண்டரைக் கோடி டாலருக்கு வாங்கினார். சாதனை நின்றது, பங்குதாரர் பணம் நிற்கவில்லை.

ஆகையால் நான் கேட்பது, யாருடைய பணம் என்பதே. போனாலும் அடுப்பு எரியுமென்றால் போடுங்கள். பெண்ணின் படிப்புக்கு வைத்தது, தாலிக்கொடியை அடகு வைத்து எடுத்தது, காப்பிப் பழம் பறித்தவர்களுக்குக் கொடாமல் நிறுத்திய கூலி, இவையெல்லாம் உங்கள் பணமல்ல. கூலியை நிறுத்துவது, பங்கு இரட்டிப்பானாலும் பாவந்தான்.

என்னிடம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர், "வீட்டில் தெரிய வேண்டாம் சாமி" என்றார்கள். முதலில் வீட்டில் கேட்டுவிட்டு வாருங்கள்.