புனிதம் குளத்தைக் காக்குமா?

காஞ்சிபுரத்துத் தலபுராணங்களில் தண்ணீர் சாதுவான பொருள் அல்ல. ஏகாம்பரநாதர் மணலால் ஆன பிருத்வி லிங்கம். கம்பை ஆறு பெருகி வந்தபோது லிங்கம் கரையாதிருக்கக் காமாட்சி கட்டியணைத்துக் காத்தாள் என்பது ஐதீகம். அதனால் இன்றும் நீர் அபிஷேகம் ஆவுடையாருக்குத்தான்; லிங்கத்துக்குப் புனுகு சாத்துகிறார்கள். திருவெஃகாவில் கதை வேறு. பிரம்மனின் வேள்வியைக் குலைக்க வேகவதியாகச் சீறி வந்த சரஸ்வதியை மறித்து, பெருமாளே குறுக்கே படுத்து அணையாகிறார். வரதராஜப் பெருமாள் கோயிலான அத்திகிரியிலோ அத்தி மரத்தால் ஆன அத்திவரதர் அனந்தசரஸ் குளத்தில் நீருக்குள்ளேயே சயனித்திருக்கிறார்; 40 ஆண்டுக்கு ஒருமுறைதான் வெளியே எழுந்தருள்வது.

விலக்க வேண்டிய நீர், மறிக்க வேண்டிய நீர், வற்றவே கூடாத நீர் என்று ஒரே ஊரில் மூன்று பார்வைகள். ஊர் மக்களுக்கும் இது புதிதல்ல. அடைமழையில் குழித்தறியின் பள்ளத்தில் நீர் ஊறினால் பட்டு நெசவு நின்றுபோகும்; கோடையிலோ அதே வீட்டில் குடத்துக்கு நீர் தேட வேண்டும்.

அத்தி நீர்நிலை ஓரத்தில் செழிக்கும் நாட்டு மரம். வெட்டிய மரத்தை உளுக்கச் செய்வது நனைவதும் காய்வதும் மாறி மாறி வருவதே. காற்றுப் படாமல் நீரில் மூழ்கிக் கிடக்கும் மரம் நெடுங்காலம் தாங்கும். ஆக, அத்திவரதர் மேல் வைத்த பக்தி குளம் வற்றாமல் இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தையும் கூடவே கொண்டுவருகிறது. 2019இல் அவர் 48 நாள் வெளியே இருந்தபோது லட்சக்கணக்கானோர் வந்து குவிந்தார்கள். அந்த ஆண்டுக் கோடையில்தான் சென்னையின் ஏரிகள் வறண்டு கிடந்தன.

புனிதம் காப்பது உண்மை. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. ஏகாம்பரநாதர் கோயில் மாமரம் தலவிருட்சம் என்பதால் அதன்மேல் யாரும் கோடரி வைப்பதில்லை. வன்னி, வில்வம், கொன்றை, மகிழம் எனப் பல கோயில்களின் தலவிருட்சங்கள் இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகியவையே. மதிலுக்கு வெளியே அதே இனத்து மரத்துக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. மனையில் சிமெண்டுத் தளம் போட அதை வெட்டிவிடுகிறார்கள். குளமும் அப்படித்தான். நீராழி மண்டபத்தைக் கும்பிடுகிறவர் குளத்துக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வரத்துக்கால் அடைபட்டால் தீர்த்தத்தின் பெருமையால் குளம் நிரம்பாது.

கும்பிடுவதற்கும் பராமரிப்பதற்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியைப் பழைய தொண்டை நாடு அறிந்திருந்தது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றுக்குக் குடவோலையில் ஆள் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்கின்றன. பதவி 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரோடு அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதி இழந்தார்கள். பக்தர் என்பதற்காகக் கணக்கிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை. 2003இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது நீரைக் காக்கும் கடமை தனி மனையின் வாசலுக்கே வந்து சேர்ந்தது. ஆனால் மனைக்கு மனை உறிஞ்சுகுழி இருந்தாலும் தெருவுக்கும் குளத்துக்கும் நடுவில் உள்ள கால்வாய் எந்த ஒரு வீட்டுக்காரரின் கணக்கிலும் வராது. உத்திரமேரூரில் அதற்கு ஒரு வாரியம் இருந்தது.