வரிசையில் நிற்பவரிடம் எதைக் கேட்பது?

பௌர்ணமி இரவில் திருவக்கரைக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வரும் கூட்டம் வக்கிரகாளியம்மன் கோயில் வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும். வேண்டுதல் நிறைவேறியவர்கள் சோறு போடுகிறார்கள், வந்தவர்கள் சாப்பிடுகிறார்கள். கூட்டம் கலைந்த மறுநாள் சுற்றுவட்டாரத்தில் கல்குவாரிக்கும் செங்கல் சூளைக்கும் கூலிக்குப் போகிறவர்களின் வீட்டில் அடுப்பு எரியுமா என்பதை அன்றைய வேலைதான் முடிவு செய்கிறது. 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு, ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட வாரங்களில் வேலை நிற்கும், கூலியும் நிற்கும். பசி மட்டும் நிற்காது.

அந்த நாட்களில் ஒரு தேவாலயம் அரிசி, பருப்பு, எண்ணெய் என்று சேர்த்து வைத்து, இல்லாத வீடுகளுக்குக் கொடுக்க முன்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பை வாங்க வருகிறவரிடம் அது எதைக் கேட்கலாம்? சாதியையா, மதத்தையா? அடுத்த ஞாயிறு பூசைக்கு வருவதாக ஒரு வாக்கையா? குறைந்தபட்சம் நன்றியையாவது கேட்கலாமா?

கிறிஸ்தவத்துக்கு இது புதிய கேள்வி அல்ல. எருசலேமின் முதல் சபையில் எழுந்த ஆரம்பச் சச்சரவுகளுள் ஒன்றே உணவுப் பங்கீட்டைப் பற்றியது. கிரேக்க மொழி பேசிய விதவைகளுக்கு அன்றாடப் பங்கு சரியாகக் கிடைக்கவில்லை என்ற புகாரை திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரம் பதிவு செய்திருக்கிறது. திருத்தூதர்கள் அதைச் சில்லறை விவகாரம் என்று தள்ளிவிடவில்லை. ஸ்தேவான் உள்ளிட்ட ஏழு பேரை அந்த வேலைக்கென்றே நியமித்தார்கள். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, ஏழைகள் பட்டினியாக நின்றபோது பவுல் கடுமையாகக் கண்டித்து எழுதினார். யார் முதலில் வாங்குகிறார், யார் விடுபடுகிறார் என்பதைச் சபையின் விசுவாசத்தோடு சேர்த்தே அவர்கள் பார்த்தார்கள்.

இந்தக் கேள்வி நம் மண்ணில் மிகக் கொடூரமாக எழுந்தது 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில். சென்னை மாகாணம் செத்துக்கொண்டிருந்தது. நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு அரசு கொடுத்த கூலியை ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் என்று பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். மரக்காணம் பக்கம் இன்றும் தூர்ந்தும் தேங்கியும் கிடக்கும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்சத்தில் வெட்டப்பட்டதுதான். ஓங்கோலில் இருந்த அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளவ், அதில் சில மைல் தூரத்துக்குத் தானே ஒப்பந்தம் எடுத்து, பசித்தவர்களுக்கு வேலையும் கூலியும் கொடுத்தார்.

அவர் செய்த இன்னொரு காரியம்தான் இங்கே முக்கியம். பஞ்சக் காலம் முழுக்க, ஏறத்தாழ 15 மாதங்கள், ஞானஸ்நானம் கொடுப்பதையே அவர் நிறுத்தி வைத்தார். சோற்றுக்காக ஒருவர் மதம் மாறினார் என்ற பழி வந்தவருக்கும் வேண்டாம், சபைக்கும் வேண்டாம் என்பதுதான் காரணம். மதம் பரப்பவே கடல் கடந்து வந்த ஒருவர் அந்த வேலையையே ஒத்திவைப்பது சாதாரண முடிவு அல்ல. நிவாரணம் முடிந்து, இனி கொடுக்க ஒன்றும் இல்லை என்றான பிறகும் மக்கள் வந்தார்கள். 1878 ஜூலை 3ஆம் தேதி ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்களில் பெரும்பாலோர் தீண்டாமைக்கு ஆளான மாதிகர்கள். இந்த எண்ணிக்கையை வைத்து இன்றும் விவாதம் நடக்கிறது. ஆனால் கையில் அரிசி இருந்தபோது அவர் எதையும் கேட்கவில்லை என்பது அந்த விவாதத்தில் அடிக்கடி மறக்கப்படுகிறது.

அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, திருவக்கரையும் வடலூரும் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த காலத்தில், வள்ளலார் 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி, மதம், ஊர் எதுவும் கேட்காமல் சோறு போடும் அந்தச் சாலையின் அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அவரை வாட்டிய இன்னொன்றும் உண்டு. பசித்தும் வாய்விட்டுக் கேட்க மானம் தடுக்கிற ஏழைகளை நினைத்து அவர் உருகினார். பந்தியில் வந்து உட்காரக் கூசுகிற அந்த மனிதரை எந்த அன்னதானமும் எளிதில் எட்டுவதில்லை. வீட்டுக்குப் போகும் மளிகைப் பைதான் எட்டும். பிள்ளைகளுக்கு அம்மா தன் அடுப்பில் சமைத்துப் போடுகிறாள். அந்த அரிசி எங்கிருந்து வந்தது என்று பக்கத்து வீட்டுக்குத் தெரிய வேண்டியதில்லை.

கத்தோலிக்கப் பங்குகளில் இதை நெடுநாளாகச் செய்துவருகிறது வின்சென்ட் தே பவுல் சபை. 1833இல் பாரிஸில், பிரெடரிக் ஓசானாம் என்ற 20 வயதுக் கல்லூரி மாணவரும் நண்பர்களும் தொடங்கியது. ஏழையைத் தேடி அவர் வீட்டுக்கே போவது இதன் அடிப்படை விதி. கூட்டத்தில் சுற்றிவரும் காணிக்கைப் பையில் யார் எவ்வளவு போட்டார் என்பது யாருக்கும் தெரியாது. கொடுத்தவரும் மறைவில், வாங்கியவரும் மறைவில். நிவாரணப் பையைப் பிடித்தபடி ஒரு பெண்ணை நிற்கவைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிற இன்றைய வழக்கத்தை அந்த விதியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தப் படமும் ஒரு விலைதான். பசித்தவரிடமிருந்து வசூலிக்கப்படும் விலை.

அரசு இருக்கிறதே, ரேஷன் இருக்கிறதே என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அது பல வீடுகளைக் காத்திருக்கிறது. ஆனால் அட்டை உள்ளவருக்குத்தான் அரிசி. திண்டிவனம் வட்டாரத்தில் சூளை சூளையாக இடம்பெயரும் இருளர் குடும்பங்கள் பல, சாதிச் சான்றுக்கும் பட்டாவுக்குமே அலைந்தவை; அட்டைக்கும் அலைய வேண்டியிருக்கலாம். பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பல்லாண்டுகளாகப் போராடுவது இவர்களின் உரிமைகளுக்காகத்தான். அரிசிப் பையோடு வீட்டுக்குள் போகிறவர், அந்த வீட்டில் அட்டை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் தாலுகா அலுவலகம் வரை கூடப் போக வேண்டும். அதைச் செய்யாத தர்மம் அதே வீட்டை அடுத்த மாதமும் வாசலில் காத்திருக்க வைக்கும்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துத் திருச்சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழை தொடங்கும் முன்பே அரிசியைச் சேர்த்து வையுங்கள். சூளைக்கும் குவாரிக்கும் நீங்களே நடந்து போங்கள். எத்தனை பேர் சாப்பிட வேண்டும், வீட்டில் ரேஷன் அட்டை இருக்கிறதா என்ற இரண்டைத் தவிர வேறெதையும் கேட்காதீர்கள். கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.