ஆகாச கங்கையும் ஆசிரியர் கடனும்



அமிர்தகழி மாமாங்கேசுவரர் ஆலயத்தில் ஆடியமாவாசைத் தீர்த்தம் ஆடிய அன்றிரவே, ஊர் விளக்கொளி எட்டாத வாவிக்கரை ஒன்றில் நின்று தென்றிசையை நோக்குமின். பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியே மீன்பாட்டுக் கேட்க வருவோர் பலர். இருளிரவில் வானைப் பார்க்க வருவோர் சிலரே. விருச்சிகத்தின் கொடுக்கும் தனுசின் அம்பும் அணுகும் இடத்தில், வெண்புகை படிந்தாற்போல ஓர் ஒளிப்பட்டை தடித்துத் தோன்றும்; அங்கிருந்து உச்சியை அணுகி வடகீழ்த் திசைவரை அது நீளும். அதனை நம் முன்னோர் ஆகாச கங்கை என்றனர். இக்காலத்தார் பால்வீதி என்பர்.

பல்லாண்டுகளின் முன் இப்பகுதிப் பாடசாலை ஒன்றில் நாம் இதனைக் குறித்துப் பாடஞ் சொன்னோம். “இன்று விஞ்ஞானிகள் கூறுவன யாவும் நம் நூல்களில் முன்னரே உள” என்று பெருமிதத்தோடு முடித்தோம். பின்வாங்கில் இருந்த மாணாக்கன் ஒருவன் எழுந்து, “எந்த நூலில், எவ்விடத்தில், ஐயா?” என்றான். நம்மிடம் விடை இல்லை. அதட்டி அவனை இருத்தினோம். அந்நாணம் இன்றும் ஆறவில்லை. அப்பிழை பிறரிடத்தும் நிகழாதிருத்தற் பொருட்டே இதனை எழுதுகின்றோம்.

முதலில் பொருளை உள்ளவாறு அறிவோம். கலிலியோ 1610ஆம் ஆண்டில், தம் தொலைநோக்கியாற் கண்டு, இவ்வொளிப்பட்டை எண்ணிறந்த உடுக்களின் கூட்டமே என வெளியிட்டார். ஒளி ஓராண்டிற் செல்லும் தூரம் ஓர் ஒளியாண்டு எனப்படும். பால்வீதி ஏறத்தாழ 1,00,000 ஒளியாண்டு அகலமுள்ள ஒரு வட்டத்தட்டு. அதிலுள்ள உடுக்கள் 10,000 கோடிக்குக் குறையா. நடுவே சட்டம்போல நீண்டு பருத்த பகுதியும், அதனைச் சுற்றிச் சுருண்டு செல்லும் கைகளும் உள. நம் சூரியன் நடுவிலிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு தொலைவில், சிறு கையொன்றில் உளது. ஏறக்குறைய 23 கோடி ஆண்டில் நடுவை ஒருமுறை வலம் வருகின்றது. தீர்த்தக் கூட்டத்தின் உள்ளே நிற்பவனுக்கு நாற்புறமும் தலைகளும், மேலே வெறுவெளியும் தோன்றுதல்போல, தட்டின் உள்ளே இருக்கும் நமக்கு அது ஒரு பட்டையாய்த் தோன்றுகின்றது. நடுவிலே சூரியனைப்போல் ஏறத்தாழ 40 இலட்சம் மடங்கு நிறையுடைய கருந்துளை ஒன்று உளது. அதன் படம் 2022இல் வெளியாயிற்று.

இனி, இது தோன்றிய வரலாறு. நம் வாவி ஓராற்றால் நிறைவதன்று. மேற்கிலிருந்து வரும் ஆறுகள் பல தத்தம் நீரைக் கொணர்ந்து சேர்க்க நிறைவது. பால்வீதியும் அத்தகைத்தே. ஏறத்தாழ 1,300 கோடி ஆண்டுகளின் முன் வாயுத்திரள்கள் ஈர்ப்பினால் ஒடுங்கி உடுக்களாயின. சிறு கூட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து பெருகின. முந்திய உடுக்கள் தம்முள்ளே சமைத்து, இறக்குங்கால் வெளியே சிந்திய பொருள்களிலிருந்தே பிந்திய உடுக்களும் கோள்களும் அமைந்தன. 460 கோடி ஆண்டு வயதுடைய சூரியன் அவ்வாறு பிந்தித் தோன்றியதே. நம் குருதியில் உள்ள இரும்பும் அவ்வழி வந்தது.

2013இல் ஐரோப்பியர் ஏவிய கையா என்னும் விண்கலம் ஏறத்தாழ 180 கோடி உடுக்களின் நிலையை அளந்தது. அவ்வளவைகளை ஆராய்ந்தோர், ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகளின் முன் மற்றோர் உடுக்கூட்டம் நம் பால்வீதியுட் புகுந்து கரைந்தது என 2018இல் கண்டனர். வந்தேறிய உடுக்கள் தம் செலவினாலும் தாதுக் கலப்பினாலும் இன்றும் தனித்து அறியப்படுகின்றன. சிறு கூட்டம் பெருங்கூட்டத்துள் ஏன் அமிழ்கின்றது? அது செல்லும் வழியிலுள்ள உடுக்கள் அதன்பால் ஈர்ப்புண்டு பின்னே திரள, அத்திரளே அதனைப் பின்னிழுத்து வேகங் குறைக்கின்றது. இவ்விதியை 1943இல் கணித்துக் கூறியவர், சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் ஆவர்.

இவற்றைக் கேட்டு ஒருசாரார் சமயம் அழிந்தது என்று அஞ்சுவர். ஒருசாரார் நாம் செய்தவாறே எல்லாம் நமதென்பர். இரண்டும் தவறு. உலகம் உறுப்புக்களோடு கூடித் தோன்றி நின்று ஒடுங்குவது ஆதலின் அதற்கு ஒரு கருத்தா உண்டென்பது சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்துக் கருத்து. உடுக்கூட்டமும் மாறுவதே ஆதலின், அது பாசவுலகின் பாற்படும். அதன் அளவு பெருகுதலால் பதியின் பெருமைக்குக் குறைவு இல்லை. எனினும் வானநூல் சித்தாந்தத்தை நிறுவிவிட்டது என்று சொல்லற்க. எவ்வாறு தோன்றியது என்பது அதன் வினா; யாரால், யார்பொருட்டு என்பது நம் வினா. மணிவாசகர் திருவண்டப்பகுதியில் அண்டங்களைச் சாளரக் கதிரில் மிதக்கும் துகளுக்கு ஒப்பிட்டது இறைவன் பெருமை உணர்த்தும் உவமை, உடுக்கணக்கு அன்று.

வானநூல் தன்னைத் தானே திருத்திக்கொள்வது. அந்திரோமேதா என்னும் அயற்கூட்டம் நம் பால்வீதியோடு மோதுதல் உறுதி என்று முன்னர் எண்ணினர். 2025இல் வெளியான கணிப்போ, வரும் 1,000 கோடி ஆண்டுகளில் அது நிகழவும் கூடும், நிகழாதொழியவும் கூடும் என்கின்றது. இன்றைய கணிப்பில் நம்பிக்கையைக் கட்டிவைத்தவன், நாளை அது மாறுங்கால் என் செய்வான்? பல்கலைக்கழகம் புகும் நம் மாணாக்கன், ஆசிரியர் சொன்ன சான்று பொய்யெனக் கண்டால், அவர் சொன்ன மெய்யையும் உடன்றுறப்பான். இழப்பு அதுவே.

காரைதீவில் 1892இற் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானம் பயின்று பட்டம் பெற்றவர். துறவு பூண்டபின்னும் அவ்வறிவைத் துறந்திலர். 1947இல் வெளியான யாழ் நூலிற் பண்டை இசையைக் கணக்கிட்டே ஆராய்ந்தார். பத்தியும் கணிதமும் ஒருவரிடத்தே பகையின்றி வாழும் என்பதற்கு இவ்வாவிக்கரையில் வேறு சான்று வேண்டா.

ஆதலின், ஆசிரியர்காள், வரும் ஆடியமாவாசை இரவில் மாணாக்கரை வாவிக்கரைக்கு அழைத்துச் செல்க. கண்டதைக் கண்டதென்றும், கணித்ததைக் கணித்ததென்றும், நம்புவதை நம்புவதென்றும் வேறு பிரித்துக் கூறுக. அறியாததை அறியோம் என்க. “எந்த நூலில், ஐயா?” என்று எவனேனும் கேட்பானாயின், அவனை இருத்தாது அருகழைத்து, அவனோடு தேடுக.

திருச்சிற்றம்பலம்.