அக்கரையில் எதைக் காப்பது?

சபுர் போனவர்களின் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக ஒரு கேள்வி எழுந்து கொண்டே இருக்கிறது. பிழைக்கப் போன நாட்டில், அந்நாட்டு மக்களோடு மக்களாகக் கரைந்து விடுவதா? அல்லது முன்னோர் விட்டுச் சென்ற பேச்சையும் உடையையும் பழக்க வழக்கங்களையும் அப்படியே கட்டிக் காப்பதா? ஒரு சாரார், "உப்பிட்ட நாட்டுக்கு உண்மையாக இரு, அவர்களைப் போலவே ஆகி விடு" என்கிறார்கள். மறு சாரார், "வேரை அறுத்துக் கொண்ட மரம் எத்தனை நாள் நிற்கும்?" என்கிறார்கள். இரண்டும் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் பழமொழியை வைத்துக் கொண்டு பிள்ளை வளர்க்க முடியாதே!

ஐரோப்பாவில் குடியேறிய துருக்கியரையும் அல்ஜீரியரையும் பற்றி இன்று பெரும் விவாதங்கள் நடக்கின்றன. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் இரத்த உறவுகள் வாழும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இந்தக் கேள்விக்கு இருநூறு ஆண்டு அனுபவம் இருக்கிறது. 1786-இல் ஆங்கிலேயர் பினாங்கில் கால் வைத்த காலந்தொட்டே நம் கடற்கரை ஊர்களின் மரக்காயர்களும் வணிகர்களும் உழைப்பாளிகளும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். 'சூலியா' என்று அவர்களுக்குப் பெயர். 1801-இல் தோன்றிய பினாங்குக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1826-இல் சிங்கப்பூரில் அவர்கள் கட்டிய ஜாமிஆ சூலியா பள்ளியும், அதையடுத்துத் தெலோக் ஆயர் தெருவில் எழும்பிய நாகூர் தர்காவும் அதற்குச் சாட்சி. ('கிளிங்' என்ற சொல் இன்று அங்கே வசைச் சொல்லாகி விட்டது. பள்ளியின் பெயரில் மட்டும் பழைய மரியாதையோடு நிற்கிறது!)

மற்ற நாடுகளில் குடியேறியவனுக்கும் நாட்டவனுக்கும் நடுவே பெரும்பாலும் மதம் சுவராக நிற்கிறது. மலாய் நாட்டில் நம்மவர்களுக்கு அந்தச் சுவர் இல்லை. தீனும் ஒன்று, கடற்கரை ஊரார் பலருக்கு ஷாஃபிஈ மத்ஹபும் ஒன்று. ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுதவன் பெண் கேட்டால் கொடுக்காமல் இருப்பார்களா? கொடுத்தார்கள். அந்தத் திருமணங்களில் பிறந்த சந்ததிதான் 'ஜாவி பெரானக்கான்' எனப்படும் சமுதாயம். மலாய் மொழியில் வந்த முதல் செய்தித்தாள் எனப்படுவதை 1876-இல் சிங்கப்பூரில் நடத்தியவர்கள் அவர்களே. அதன் பெயரும் 'ஜாவி பெரானக்கான்' தான்.

பின்னர் சட்டமும் வந்து கதவைத் திறந்தது. மலேசியாவின் 1957-ஆம் ஆண்டு அரசியல் சாசனம், 160-ஆவது பிரிவில், 'மலாய்க்காரர்' யார் என்பதை வரையறுக்கிறது. இஸ்லாத்தைப் பின்பற்ற வேண்டும். மலாய் மொழியைப் பேச்சு வழக்கில் கொள்ள வேண்டும். மலாய் வழக்காறுகளைத் தழுவ வேண்டும். பிறப்பு, வசிப்பிடம் பற்றி ஒரு நிபந்தனையும் உண்டு. இரத்தம் பற்றி அதில் பேச்சில்லை. நம்மவருக்கு முதல் நிபந்தனை ஏற்கெனவே நிறைவேறியிருக்கிறது. மீதி இருப்பது நாக்கும் நடையும்தான். 1971-இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்து, மண்ணின் மைந்தருக்குக் கல்வியிலும் தொழிலிலும் முன்னுரிமை என்று ஆன பிறகு, விண்ணப்பத் தாளில் 'இனம்' என்ற கட்டத்தின் முன்னால் பேனாவைப் பிடித்துக் கொண்டு தயங்கிய தகப்பன்மார் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

அவர்களை நாம் குறை சொல்ல முற்படவில்லை. பிள்ளையின் படிப்புக்காக ஒரு கட்டத்தை மாற்றி நிரப்பியவனை இங்கே வசதியாக உட்கார்ந்து கொண்டு துரோகி என்பது எளிது. ஆனால் சலுகையைக் காட்டி 'நீ உன்னை மாற்றிக் கொள்' என்று ஓர் அரசு கேட்பதிலும் நியாயம் முழுமையாக இல்லை. மனிதன் விரும்பி மாறுவது வேறு. சோற்றுக்காக மாறுவது வேறு.

மார்க்கத்தின் பார்வை என்ன? ஹிஜ்ரத்தை விடப் பெரிய குடியேற்றம் நம் சரித்திரத்தில் இல்லை. மக்கத்து முஹாஜிர்கள் மதீனாவுக்கு வந்த புதிதில் அபூபக்கர் (ரலி) அவர்களும் பிலால் (ரலி) அவர்களும் கடுங்காய்ச்சலில் விழுந்தார்கள். காய்ச்சல் தணியும் போதெல்லாம் பிலால் (ரலி) மக்கத்துப் பள்ளத்தாக்கின் புல்லையும் மலைகளையும் நினைத்துக் கவி பாடி ஏங்கினார்கள். எந்த மக்கா? அவர்களைச் சுடுமணலில் கிடத்தி நெஞ்சில் பாறையை ஏற்றிய மக்கா! செய்தி பெருமானார் (ஸல்) அவர்களுக்கு எட்டியது. 'அந்த ஊரை மறந்து விடுங்கள்' என்று அவர்கள் கடிந்து கொள்ளவில்லை. மக்காவை நேசித்தது போல், அல்லது அதைவிட அதிகமாக, மதீனாவை எங்களுக்குப் பிரியமானதாக ஆக்கு என்று இறைவனிடம் இறைஞ்சினார்கள். அந்த ஊரின் படிக்கும் மரக்காலுக்கும் பரக்கத் கேட்டார்கள். பழைய ஊரின் மீதுள்ள பாசத்தைப் பிடுங்காமலே புதிய ஊரின் பாசம் வேண்டப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு செய்தியைப் படிக்கும்போது சிரிப்பு வரும். உமர் (ரலி) அவர்களே சொல்லியது, புகாரியில் இருக்கிறது. குறைஷிகளாகிய நாங்கள் மனைவியரை அடக்கி வைத்திருந்தோம். மதீனாவுக்கு வந்தால் அன்ஸாரிகளின் வீட்டில் பெண்கள் கை ஓங்கியிருந்தது. எங்கள் பெண்களும் அதைப் பார்த்துக் கற்றுக் கொண்டார்கள் என்கிறார்கள். ஒருநாள் அவர்களுடைய மனைவி எதிர்த்துப் பேச, உமர் (ரலி) சினந்தார்கள். அந்த அம்மையார் விடவில்லை. நபியவர்களின் மனைவியரே அவர்களுக்கு மறுமொழி சொல்கிறார்களே, நான் சொன்னால் மட்டும் குற்றமா என்று கேட்டார்கள். உள்ளூர்ப் பழக்கம் குடியேறியவர் வீட்டு அடுப்படி வரை வந்து விட்டது! அதை நபி (ஸல்) அவர்கள் பெருங்கேடாகக் கருதித் தடுக்கவில்லை. அன்ஸாரி ஒருவருக்கு மணமுடித்து ஆயிஷா (ரலி) அவர்கள் ஒரு பெண்ணை அனுப்பியபோது, அன்ஸாரிகளுக்குக் கேளிக்கை பிடிக்குமே, ஏதும் ஏற்பாடு இல்லையா என்று நபியவர்கள் விசாரித்ததும் உண்டு.

அதே மதீனாவில் ஸல்மான் 'பார்ஸீ' என்றும், ஸுஹைப் 'ரூமி' என்றும், பிலால் 'ஹபஷீ' என்றும் அழைக்கப்பட்டார்கள். அந்த அடைமொழிகளை யாரும் அவர்களிடமிருந்து உரிக்கவில்லை. 627-இல் பகைவர் படை திரண்டு வந்தபோது அகழ் தோண்டும் யோசனையைச் சொன்னவர் ஸல்மான் (ரலி) அவர்கள் என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். அது பாரசீகத்து யுத்தமுறை, அரபிகள் அறியாதது. ஸல்மான் தம் நாட்டு அறிவையெல்லாம் துடைத்துப் போட்டு விட்டு வந்திருந்தால் அந்த ஊருக்கு அன்று அகழ் கிடைத்திருக்குமா?

ஆகவே 'கரைவதா, காப்பதா' என்று மொத்தமாகக் கேட்பதே சரியில்லை என்பது என் கருத்து. கப்பலேறியவன் கொண்டு போன மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சாப்பாட்டையும் சட்டையையும் பற்றி நான் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. பினாங்கில் நம்மவர் தோளில் காவடி சுமந்து விற்ற சோறு 'நாசி கண்டார்' ஆகி இன்று அந்த நாட்டவர் எல்லாருக்கும் சொந்தமாகி விட்டது. நம் பாட்டன்மார் அங்கிருந்து கொண்டு வந்த கைலி இங்கே நம் உடையாகி விட்டது. இவை தாமே வழி தேடிக் கொள்ளும்.

மூட்டைக்குள் கைக்கூலியும் இருந்ததே, அதைப் பேசுவோம். மணமகன் பெண்ணுக்கு மஹர் கொடுக்க வேண்டும் என்பது திருமறையின் கட்டளை. கையில் ஒன்றுமில்லாமல் மதீனாவுக்கு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், ஸஅத் (ரலி) தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தும் ஏற்காமல், கடைத்தெரு எங்கே என்று கேட்டுப் போய், பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுச் சம்பாதித்து, ஓர் அன்ஸாரிப் பெண்ணுக்குப் பேரீச்சங்கொட்டை எடைப் பொன்னை மஹராகக் கொடுத்து மணந்தார்கள். நாமோ, பெண் வீட்டாரிடம் ரொக்கமும் நகையும் வாங்கிக் கொண்டு, பெயருக்கு ஒரு தொகையை மஹர் என்று பதிவேட்டில் எழுதினோம். எத்தனையோ வாலிபர்கள் கடல் கடந்ததே தங்கச்சிமாரின் கைக்கூலிக்குப் பணம் சேர்க்கத்தான். அக்கரையிலோ, மலாய் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார்தாம் மஹரோடு 'ஹந்தாரான்' என்ற சீரும் கொண்டு வந்து கொடுக்கிறார்கள். (அந்தத் தொகையும் வரவர ஏறி ஏழை வாலிபர்களுக்குப் பாரமாகிறது என்று அங்கேயும் முணுமுணுப்பு உண்டு.) இந்த ஒரு விஷயத்தில் எது மார்க்கத்துக்கு நெருக்கம்? நம் 'கலாச்சாரம்' என்று நாம் மார்தட்டிய வழக்கமா, அந்நிய நாட்டாரின் வழக்கமா? ஊர் விட்டு ஊர் சம்பந்தம் கூடாது என்ற பிடிவாதத்தையும் இதே தராசில் வைத்துப் பாருங்கள். இவை கடலில் கரைந்தால் கரையட்டும், அழுவதற்கு ஒன்றுமில்லை.

மொழியின் கதை அப்படிப்பட்டதல்ல. தமிழ் போனால் தீன் போய்விடும் என்று சிலர் அச்சமூட்டுகிறார்கள். மலாய் நாட்டைப் பொறுத்தவரை அது உண்மையில்லை. நம் தாய்மார் ஃபர்ளையும் சுன்னத்தையும் அரபுத் தமிழ்க் கிதாபுகளில் கற்றார்கள். அவர்களின் பேரப் பிள்ளைகள் மலாயில் கற்கிறார்கள். தீன் குறையவில்லை. குறைவது வேறு. பெத்தாவுக்கு மலாய் திக்கித் திக்கி வருகிறது. பேரனுக்குத் தமிழ் 'சாப்டியா' என்ற அளவோடு நின்று விட்டது. இருவரும் ஒரே கூரையின் கீழ் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக் கொண்டிருக்கிறார்கள். உறவைப் பேணுவது மார்க்கக் கடமை. பேச்சில்லாமல் எந்த உறவைப் பேணுவது? ஊரிலிருந்து சாச்சா மரணித்த செய்தி வந்தால், அந்தப் பிள்ளைக்கு அது யாரோ ஒருவரின் மவுத்துத்தானே?

அதற்காக மலாயை ஒதுக்க வேண்டும் என்பதல்ல. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லாஹ் 1796-இல் மலாக்காவில் பிறந்தவர். அரபு இரத்தமும் தமிழ் இரத்தமும் கலந்த குடும்பம். மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் படிப்பது அன்றைய வழக்கம் என்றும், தம் தந்தை தம்மையும் தமிழ் படிக்க அனுப்பினார் என்றும் அவரே தம் வரலாற்றில் குறித்திருக்கிறார். தமிழ் கற்ற அந்தக் கைதான் மலாய் உரைநடைக்குப் புது உருவம் கொடுத்தது. இரண்டு மொழி ஒரு தலையில் இருந்ததால் எந்த மொழிக்கு நட்டம்?

சிங்கப்பூரில் கடையநல்லூர்க்காரர்கள் 1946-இல் உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளி தொடங்கினார்கள். உழைத்துச் சம்பாதித்த வெள்ளியைக் கொடுத்து நடத்திய பள்ளி அது. பெற்றோர்கள் ஆங்கிலப் பள்ளிகளை நாடியதால் தமிழ்ப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வந்தன. கடைசியாக எஞ்சி நின்ற இதுவும் 1982-இல் மூடப்பட்டது. அரசு அதைத் திணித்ததென்று சொல்ல முடியாது. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அனுப்பியவர்கள் நாம்தாம். உமறுப் புலவரின் பெயர் இன்று அங்கே அரசின் தமிழ் மொழி நிலையம் ஒன்றுக்கு இருக்கிறது என்பது ஓர் ஆறுதல்.

சில பள்ளிவாசல்களில் ஜும்ஆ குத்பா தமிழில் நிகழ்வதும் தொடர்கிறது. இளைய தலைமுறைக்கு ஆங்கிலமோ மலாயோ தான் விளங்கும், தமிழ் எதற்கு என்று கேட்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். தங்கள் பிள்ளைகளை மட்டும் நினைத்துக் கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அந்த ஸஃப்புகளில் யார் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்று ஒரு வெள்ளிக்கிழமை திரும்பிப் பார்க்கட்டும். கட்டிட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்த நம் ஊர்ப் பையன்கள், ஊரில் கடனும் வீட்டில் குமரும் வைத்து விட்டு, தங்குமிடத்திலிருந்து பஸ் ஏறி அங்கே வருகிறார்கள். மலாயும் ஆங்கிலமும் அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. வாரத்தில் அந்த அரைமணி நேரம்தான் அவர்களுக்குப் புரியும் மொழியில் ஓர் ஆலிம் பேசிக் கேட்பது. 1826-இல் அந்தப் பள்ளியைக் கட்டியவர்களும் இவர்களைப் போலவே கடல் தாண்டி வந்து இறங்கியவர்கள்தாம்.