நீதி கேட்போரும் வழிப்போக்கரும்

தேனி மாவட்டமும் இடுக்கி மாவட்டமும் சந்திக்கும் வண்ணாத்திப்பாறை மலைமீது மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை சித்ரா பௌர்ணமியன்று பக்தர்கள் அங்கே திரள்கிறார்கள். இரு மாநிலக் காவல்துறையினரும் அன்று காவல் நிற்கிறார்கள். நீதி கேட்டுக் கொதித்தெழுந்த பெண்ணின் சந்நிதியில் ஒழுங்கைக் காக்கக் காவல் போடப்படுவது சிந்தனைக்குரியது.

கண்ணகி எடுத்த எடுப்பில் மதுரையை எரித்துவிடவில்லை. முதலில் அரசவைக்குச் சென்று சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள். பிழையை உணர்ந்த பாண்டியன் உயிர்துறந்த பின்னரும் அவள் சினம் ஆறவில்லை. தீ மூட்டியபோது முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடும்படி அக்கினிக்குக் கட்டளையிட்டாள் என்கிறது சிலப்பதிகாரம். அப்படியானால் எஞ்சிய நகர மக்கள் செய்த குற்றம் என்ன? அந்நாளில் மதுரை எரியும் என்ற பழைய உரை உண்டு என்று மதுராபதித் தெய்வம் சமாதானம் கூறுகிறது. மனம் அதனால் அமைதி அடைவதில்லை.

அதே மலையடிவாரத்தில் 2011 டிசம்பரில் இக்கேள்வி மீண்டும் எழுந்தது. முல்லைப் பெரியாறு அணை பற்றிய அச்சமும் சினமும் குமுளி எல்லையில் மோதிக்கொண்டன. தடை உத்தரவு பிறந்தது, போக்குவரத்து நின்றது. தேனி மாவட்டக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குப் போகும் பெண்களும், மாலையணிந்து சபரிமலைக்குப் புறப்பட்ட ஐயப்பமார்களும் வழியில் அல்லற்பட்டார்கள். தமிழகத்திலோ மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. அணையின் நீர்மட்டத்தை ஓர் அடிகூட ஏற்றவோ இறக்கவோ வல்லமை இல்லாதவர்களே இரு பக்கமும் அடிபட்டார்கள். இதைப் போராட்டம் என்று அழைப்பது அச்சொல்லுக்கு இழுக்கு.

எனினும் எல்லாச் சாலை மறியலையும் இந்தத் தராசிலேயே நிறுக்க முடியாது. 2015 செப்டம்பரில் மூணாறில் நடந்தது வேறு வகை. கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து மலையேறிய எளிய குடும்பங்களின் வழிவந்தவர்கள், ‘பொம்பளை ஒருமை’ என்ற பெயரில் திரண்டார்கள். முந்தைய ஆண்டு 19 சதவிகிதமாக இருந்த போனஸ் 10 சதவிகிதமாகக் குறைந்திருந்தது. நாட்கூலி 232 ரூபாய். 20 சதவிகித போனஸும் 500 ரூபாய் கூலியும் கேட்டார்கள். தங்கள் பெயரால் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களையே அருகில் அண்டவிடவில்லை. வீட்டு ஆண்களும் ஒதுங்கியே நின்றார்கள். கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலை அடைபட்டது. ஒன்பது நாட்களுக்குப் பின் 20 சதவிகிதம் கிடைத்தது. அக்டோபரில் கூலி 301 ரூபாயாக உயர்ந்தது. கேட்ட 500 வரவில்லை.

சுற்றுலாப் பயணிகளும் வணிகர்களும் அந்நாட்களில் பட்ட தொல்லை பொய்யன்று. மறுபுறம், பெண்கள் லயத்து வாசலிலேயே அமர்ந்து முறையிட்டிருந்தால் யார் செவிமடுத்திருப்பார்கள்? மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டினான். கன்றை இழந்த பசு நேரே வந்து அதை அசைத்தது. மூணாறில் மணியின் கயிறு இடைத்தரகர் கையில் இருந்தது. ஒழுங்கு குலைந்தது என்று வருந்துவோர், அதற்கு முன் அங்கே நிலவியது ஒழுங்கா, வாய்மூடிய வறுமையா என்பதையும் கேட்டாக வேண்டும். ஒன்றை மட்டும் கேட்டு மற்றதை விடுவது நடுவுநிலை ஆகாது.

சட்டமும் இந்த நுட்பத்தை ஓரளவு உணர்ந்தே இருக்கிறது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசியல் சாசனத்தின் 19-ஆவது பிரிவு தருகிறது. பொது ஒழுங்கின் பொருட்டு நியாயமான கட்டுப்பாடுகளையும் அனுமதிக்கிறது. பிறரை வற்புறுத்தி வாழ்வை முடக்கும் ‘பந்த்’ செல்லாது என்று 1997-இல் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தானே வேலையை நிறுத்துவது ஒன்று. அடுத்தவன் கடையை மூடச்செய்வது வேறு. காந்தியடிகள் சத்தியாக்கிரகத்தைத் தவம் என்று கருதியதும் இதனால்தான்: துன்பத்தை ஏற்பவர் போராடுபவராக இருக்கவேண்டும். 1922-இல் சௌரி சௌராவில் காவலர்கள் எரித்துக் கொல்லப்பட்டபோது, தோழர்கள் கசந்தும் அவர் இயக்கத்தையே நிறுத்தினார்.

இந்தத் தவத்துக்குப் பாலக்காட்டு எல்லையில் ஓர் உதாரணம் உண்டு. சித்தூர் வட்டத்துப் பிளாச்சிமடையில் 2000-இல் கோகோ கோலா ஆலை இயங்கத் தொடங்கிய பிறகு கிணற்று நீர் கெட்டது என்று பழங்குடி மக்கள் முறையிட்டார்கள். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலைக்கு எதிரே பந்தலிட்டு அமர்ந்தார்கள். முன்னின்றவர்களுள் ஒருவர் மயிலம்மா என்ற இரவாளர் குலப் பெண்மணி. ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் அவர்கள் அமர்ந்திருந்தார்கள். அதற்காக இழந்த கூலி அவர்களுடையதே. 2004 மார்ச்சில் ஆலை நின்றது, மறுபடி இயங்கவில்லை. மயிலம்மா 2007-இல் காலமானார். ஏற்பட்ட இழப்பு 216 கோடி ரூபாய் என்று 2010-இல் உயர்நிலைக் குழு மதிப்பிட்டது. இழப்பீட்டைத் தீர்மானிக்கத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைக் கேரளச் சட்டமன்றம் 2011-இல் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிட்டவில்லை.